மெனோபாஸுக்குப் பிறகு ரத்தக்கசிவா? கர்ப்பப்பைக்குள் எட்டிப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோப்பி... யாருக்கு, எப்போது, எப்படி?

பீரியட்ஸ் நின்று 3 வருடங்கள் ஆகிவிட்டன. திடீரென்று ஒருநாள் உள்ளாடையில் சின்னதாக ஒரு ரத்தக்கறை. 'உடம்பு சூடா இருக்கும்', 'நேத்து அரிசி மூட்டையைத் தூக்கினேன்ல, அதான்', 'நின்னது திரும்ப வருதோ என்னவோ'... நம் வீட்டுப் பெண்கள் இதற்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள் இப்படி நிறைய. இரண்டு நாளில் கசிவு நின்றுவிடும். அதோடு அந்த விஷயமும் மறந்துபோகும். மகளிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால், மருத்துவர்கள் அந்தக் கறையை அப்படிப் பார்ப்பதில்லை. 12 மாதங்கள் தொடர்ந்து பீரியட்ஸ் வராமல் இருந்தால் அது மெனோபாஸ். அதற்குப் பிறகு வரும் ரத்தம் ஒரு சொட்டாக இருந்தாலும், பிரவுன் நிறக் கசிவாக இருந்தாலும், ஒரே ஒருமுறை வந்திருந்தாலும் காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்பது மகளிர் மருத்துவத்தின் அடிப்படை விதி. காரணம், கர்ப்பப்பையின் உள்சுவரில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் முதன்முதலில் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

இதைப் படித்ததும் பயந்துவிட வேண்டாம். உலகம் முழுக்க நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான கணக்கு என்ன சொல்கிறது தெரியுமா? மெனோபாஸுக்குப் பிறகு ரத்தக்கசிவு ஏற்படும் 100 பெண்களில் சுமார் 9 பேருக்குத்தான் புற்றுநோய் இருந்தது. மீதி 91 பேருக்குக் காரணம் வேறு. அதே கணக்கை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். மெனோபாஸைக் கடந்தபின் இந்தப் புற்றுநோய் வந்த பெண்களில் 100-க்கு சுமார் 90 பேருக்கு இந்த ரத்தக்கசிவு இருந்திருக்கிறது. உடம்பு இவ்வளவு தெளிவாக முன்கூட்டியே சொல்லும் புற்றுநோய்கள் குறைவு. நாம் காதில் வாங்குகிறோமா என்பதுதான் கேள்வி.

அந்த 9 பேர் யார், 91 பேர் யார் என்று பிரித்துச் சொல்ல உதவும் பரிசோதனைகளில் முக்கியமானது ஹிஸ்டெரோஸ்கோப்பி. அது என்ன, எப்போது தேவை, என்ன கேட்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

'கர்ப்பப்பை கேன்சர்' என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால், அதில் இரண்டு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. கர்ப்பப்பையின் கழுத்துப் பகுதியில் வருவது கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய். ஹெச்.பி.வி வைரஸால் வருவது, தடுப்பூசி இருப்பது, பாப் ஸ்மியரில் தெரிவது எல்லாம் அதுதான்.

நாம் இங்கே பேசுவது கர்ப்பப்பைக்கு உள்ளே, மாதாமாதம் வளர்ந்து பீரியட்ஸாக உதிரும் உள்சுவரில் வரும் புற்றுநோய். அந்த உள்சுவருக்கு எண்டோமெட்ரியம் என்று பெயர். 'போன வருஷம்தான் பாப் ஸ்மியர் எடுத்தேன், நார்மல்னு வந்துச்சு. அதனால பயமில்ல' என்று நினைக்கிறீர்களா? பாப் ஸ்மியர் இந்தப் புற்றுநோயைத் தேடுவதற்கான பரிசோதனையே அல்ல. அது வாசலைத்தான் பார்க்கிறது. வீட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

யாருக்கு ரிஸ்க் அதிகம்?

எண்டோமெட்ரியத்தை வளரச் செய்வது ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன். அதைக் கட்டுக்குள் வைப்பது புரொஜெஸ்ட்ரோன். இந்தச் சமநிலை நீண்ட காலம் குலைந்து, ஈஸ்ட்ரோஜெனின் கை ஓங்கியே இருந்தால் பிரச்னை ஆரம்பிக்கிறது. உடல்பருமன் இதில் பெரிய காரணம். மெனோபாஸுக்குப் பிறகு சினைப்பைகள் ஓய்வெடுத்துக்கொண்டாலும், உடலின் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜெனைத் தயாரித்துக்கொண்டே இருக்கும்.

சர்க்கரைநோய் இருப்பவர்கள், பி.சி.ஓ.எஸ் காரணமாகப் பல வருடங்கள் ஒழுங்கற்ற பீரியட்ஸோடு இருந்தவர்கள், குழந்தை பெறாதவர்கள், தாமதமாக மெனோபாஸ் அடைந்தவர்கள், மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்கள், குடும்பத்தில் பெருங்குடல் அல்லது கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்தவர்கள்... இவர்கள் எல்லோரும் ரத்தக்கசிவு விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

முதல் படி... ஸ்கேன்

ரத்தக்கசிவு என்று போனதும் டாக்டர் பெரும்பாலும் முதலில் எழுதிக்கொடுப்பது பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன். இதில் எண்டோமெட்ரியம் எத்தனை மில்லிமீட்டர் தடிமனாக இருக்கிறது என்று அளப்பார்கள். மெனோபாஸை அடைந்த பெண்ணுக்கு அது 4 மி.மீ அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், முதல்முறை வந்த கசிவுக்குப் புற்றுநோய் காரணமாக இருக்கும் வாய்ப்பு 100-ல் ஒன்றுக்கும் குறைவு. அதற்கு மேல் இருந்தால் அடுத்தகட்டப் பரிசோதனை அவசியம்.

இங்கேதான் நிறைய பேர் தவறவிடுகிறார்கள். 'ஸ்கேன் நார்மல்' என்றதும் ஃபைலைப் பீரோவில் வைத்துவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி கசிவு வந்தால், 'அதான் ஏற்கெனவே பார்த்தாச்சே' என்று விட்டுவிடுவார்கள். சுவர் மெலிதாக இருந்தும் வரக்கூடிய, கொஞ்சம் வீரியமான புற்றுநோய் வகைகள் உண்டு. அதனால், கசிவு திரும்ப வந்தால் பழைய ஸ்கேன் ரிப்போர்ட் செல்லாது. மறுபடி டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாம் படி... திசுவை எடுப்பது

தடிமனை அளக்கலாமே தவிர, அது புற்றுநோயா இல்லையா என்று ஸ்கேனால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குத் திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அதுதான் பயாப்சி.

மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே செலுத்தி, கொஞ்சம் திசுவை உறிஞ்சி எடுப்பது ஒரு முறை. ஓ.பி-யிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். மயக்க மருந்து கொடுத்து, கர்ப்பப்பைவாயை விரித்து, உள்சுவரைச் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி இன்னொரு முறை. நம் ஊரில் 'கர்ப்பப்பையை க்ளீன் பண்றது' என்று சொல்வோமே, அது.

இந்த இரண்டிலும் ஒரு பொதுவான குறை இருக்கிறது. இரண்டுமே கண்ணால் பார்க்காமல் செய்யப்படுபவை. இருட்டறையில் வைத்த பானைக்குள் கையைவிட்டுத் துழாவுவது மாதிரி. புற்றுநோய் உள்சுவர் முழுக்கப் பரவியிருந்தால் எங்கே தொட்டாலும் மாட்டிக்கொள்ளும். ஆனால், ஒரு மூலையில் மட்டும் இருந்தால்? ஒரு பாலிப்பின் நுனியில் மட்டும் இருந்தால்? கருவி பக்கத்திலேயே போய்விட்டு, நல்ல திசுவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ரிப்போர்ட்டும் 'நார்மல்' என்று வரும்.

1975-ல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பப்பையை அகற்றுவதற்கு முன்பு 50 பெண்களுக்கு டி அண்ட் சி செய்து, பிறகு வெளியே எடுத்த கர்ப்பப்பையைத் திறந்து பார்த்தார்கள். 60 சதவிகிதம் பேருக்கு உள்சுவரில் பாதிகூடச் சுரண்டப்படவில்லை. அனுபவமுள்ள கைகளுக்கும் கண் இல்லையே!

அந்தக் கண்தான் ஹிஸ்டெரோஸ்கோப்பி

மெல்லிய குழாய். நுனியில் கேமராவும் வெளிச்சமும். பிறப்புறுப்பு வழியாக, கர்ப்பப்பைவாயைக் கடந்து உள்ளே போகும். வெளியே டி.வி திரையில் கர்ப்பப்பையின் உள்பக்கம் பெரிதாகத் தெரியும். வயிற்றில் வெட்டோ, தையலோ எதுவும் கிடையாது. லேப்ராஸ்கோப்பி என்பது வயிற்றில் துளை போட்டு கர்ப்பப்பையை வெளியிலிருந்து பார்ப்பது; அதையும் இதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கர்ப்பப்பைக்குள் சாதாரணமாக இடைவெளியே இருக்காது. மடித்து வைத்த மஞ்சப்பை மாதிரி முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால், உப்புக்கரைசல் எனப்படும் சலைனை மெதுவாகச் செலுத்தி, பையை விரித்த பிறகுதான் பார்ப்பார்கள்.

மெனோபாஸுக்குப் பிறகு ஆரோக்கியமான உள்சுவர் வெளிறிப்போய், மெலிதாக, வழவழப்பாகத் தெரியும். பாலிப் என்றால் காம்பில் தொங்கும் சதை மாதிரி. புற்றுநோய் என்று சந்தேகிக்கும் இடம் மேடும் பள்ளமுமாக, தாறுமாறான ரத்தக்குழாய்களோடு, தொட்டால் ரத்தம் கசிவதாக இருக்கும். அப்படித் தெரியும் இடத்திலிருந்தே, சின்ன இடுக்கியால் திசுவை எடுக்க முடியும். இதுதான் ஹிஸ்டெரோஸ்கோப்பியின் முக்கியமான பலம். குருட்டாம்போக்கில் எடுக்காமல், குறிபார்த்து எடுப்பது.

இதன் வரலாறும் இங்கேயே ஆரம்பிக்கிறது. 1869-ல் பேன்டலியோனி என்ற மருத்துவர், ஒரு குழாயும் மெழுகுவத்தி வெளிச்சத்தின் பிரதிபலிப்பும் கொண்டு முதன்முதலில் ஒரு பெண்ணின் கர்ப்பப்பைக்குள் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு வயது 60. பிரச்னை, எந்த சிகிச்சைக்கும் நிற்காத ரத்தப்போக்கு. உள்ளே இருந்தது ஒரு பாலிப். அதற்கு அங்கேயே சிகிச்சையும் கொடுத்தார்.

'பார்த்தோம், நல்லாத்தான் இருக்கு' என்றால் போதுமா?

போதாது. 26,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பரிசோதனைகளை அலசி 2002-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், புற்றுநோய் இருந்த 100 பேரில் சுமார் 86 பேரைத்தான் ஹிஸ்டெரோஸ்கோப்பியில் கண்ணால் பார்த்தே அடையாளம் காண முடிந்திருந்தது. மீதி 14 பேருக்குக் கண் ஏமாந்துவிட்டது. எனவே பார்வையும் பயாப்சியும் சேர்ந்தே நடக்க வேண்டும். ஹிஸ்டெரோஸ்கோப்பி எங்கே எடுப்பது என்று காட்டுகிறது. எடுத்தது என்ன என்று சொல்வது பேத்தாலஜிஸ்ட்டின் மைக்ராஸ்கோப்.

அதேபோல, எல்லோருக்கும் ஹிஸ்டெரோஸ்கோப்பி கட்டாயம் என்பதும் இல்லை. ஓ.பி-யில் எடுத்த சாதாரண பயாப்சியிலேயே புற்றுநோய் உறுதியாகிவிட்டால், பெரும்பாலும் நேராக அடுத்தகட்ட ஸ்கேன்களுக்கும் சிகிச்சைக்கும் போய்விடலாம். கசிவு திரும்பத் திரும்ப வருவது, பயாப்சியில் போதுமான திசு கிடைக்காதது, பயாப்சி நார்மல் என்று வந்தும் கசிவு நிற்காதது, ஸ்கேனில் பாலிப் போலத் தெரிவது... இந்தச் சூழல்களில்தான் ஹிஸ்டெரோஸ்கோப்பி தவிர்க்க முடியாததாகிறது.

வலிக்குமா?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. இப்போதைய கருவிகள் 3 முதல் 5 மி.மீ விட்டம்தான். பார்ப்பதற்கு மட்டும் என்றால் பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். சிலருக்கு பீரியட்ஸ் வலி மாதிரி அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும். சிலருக்கு வலி கடுமையாகவே இருக்கும். இதைச் சொல்லாமல் மறைப்பதில் அர்த்தமில்லை.

மயக்க மருந்து இல்லாமல் ஓ.பி-யில் செய்யலாம், மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யலாம், முழு மயக்கத்தில் தியேட்டரிலும் செய்யலாம். எது என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். நடுவில் தாங்க முடியவில்லை என்றால், 'நிறுத்துங்க டாக்டர்' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

திருமணமாகாதவர்கள், வயதானதால் பிறப்புறுப்பு சுருங்கிப்போனவர்கள் இன்னொன்றைக் கேட்கலாம். ஸ்பெகுலம் என்ற விரிக்கும் கருவியைப் பயன்படுத்தாமல், கேமராவை மட்டும் செலுத்திப் பார்க்கும் முறையும் உண்டு.

ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இதய நோய் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு சில நாள்கள் லேசான கசிவு இருக்கும். நாப்கின் பயன்படுத்துங்கள், டாம்பூன், கப் வேண்டாம். காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், அதிக ரத்தப்போக்கு, குறையாத வயிற்றுவலி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிருமித்தொற்று, கர்ப்பப்பையில் துளை விழுவது போன்ற சிக்கல்கள் அரிது. ஆனால், இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

'கத்தி பட்டா பரவிடும்' என்பது உண்மையா?

கேன்சர் கட்டியில் கை வைத்தால் பரவிவிடும் என்ற பயம் நம் ஊரில் ஆழமானது. இதனாலேயே பயாப்சி வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுபவர்கள் உண்டு. ஹிஸ்டெரோஸ்கோப்பி விஷயத்தில் மருத்துவர்களே இந்தக் கேள்வியை எழுப்பினார்கள். செலுத்தும் சலைன், புற்றுநோய் செல்களைக் கருக்குழாய் வழியாக வயிற்றுக்குள் தள்ளிவிடுமோ என்று.

சில செல்கள் அப்படிப் போக வாய்ப்புண்டு என்று ஆய்வுகள் காட்டின. ஆனால், ஆரம்பக்கட்டப் புற்றுநோயில் இதனால் நோய் மோசமானது என்றோ, ஆயுள் குறைந்தது என்றோ நிரூபணமாகவில்லை. இருந்தாலும், குறைந்த அழுத்தத்தில் சலைனைச் செலுத்துவதையே கவனமான மருத்துவர்கள் கடைப்பிடிக்கிறார்கள். நோயே தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பதில் இருக்கும் ஆபத்து இதைவிட மிகப் பெரியது.

'பேசாம எடுத்துடுங்க டாக்டர்!'

'பிள்ளை பெத்தாச்சு, வயசாச்சு. இனிமே இது எதுக்கு? கர்ப்பப்பையை எடுத்துடுங்க, தொல்லை விட்டுது.' ரத்தப்போக்கு என்றதும் நம் குடும்பங்களில் சட்டென்று வரும் முடிவு இது. சில இடங்களில் டாக்டரே இந்த யோசனையைச் சொல்வதும் நடக்கிறது. அந்த முடிவில் இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது.

காரணம் வெறும் பாலிப்பாகவோ, மெனோபாஸால் உள்சுவர் மெலிந்து உலர்ந்துபோனதாகவோ இருந்தால், ஒரு பெரிய ஆபரேஷனே தேவையில்லாமல் நடந்திருக்கும். பாலிப்பை ஹிஸ்டெரோஸ்கோப் வழியாகவே எடுத்துவிட முடியும். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கும் போய்விடலாம்.

மாறாக, உள்ளே புற்றுநோய் இருந்து, அது தெரியாமலே கர்ப்பப்பையை எடுத்துவிட்டால்? புற்றுநோய்க்கான ஆபரேஷன் வேறு. அதில் கருக்குழாய்களையும் பெரும்பாலும் சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பார்கள். தேவைப்பட்டால் நிணநீர் முடிச்சுகளையும் பரிசோதிப்பார்கள். கர்ப்பப்பையை உடலுக்குள் துண்டாக்காமல் முழுதாக வெளியே எடுப்பார்கள். சாதாரண ஆபரேஷனாக முடித்துவிட்டு, பத்து நாள் கழித்து பயாப்சி ரிப்போர்ட்டில் 'கேன்சர்' என்று வந்தால், மறுபடி ஒரு ஆபரேஷன் தேவைப்படலாம். அதனால், மெனோபாஸுக்குப் பிறகான ரத்தக்கசிவுக்காகக் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: 'பயாப்சி பார்த்தாச்சா டாக்டர்?'

இளம் பெண்களுக்கும் ஒரு வார்த்தை

இது அம்மாக்களின் பிரச்னை மட்டுமல்ல. 45 வயதைக் கடந்து பீரியட்ஸ் தாறுமாறாகவோ அதிகமாகவோ வந்தால், 'மெனோபாஸ் வர்ற நேரம், அப்படித்தான் இருக்கும்' என்று தள்ளிப்போடக் கூடாது. அதற்கும் குறைந்த வயதில், பி.சி.ஓ.எஸ் மற்றும் உடல்பருமனோடு மாதக்கணக்கில் பீரியட்ஸ் வராமல் இருந்து பிறகு கொட்டுகிறது, மாத்திரைக்கும் கட்டுப்படவில்லை என்றால், அவர்களுக்கும் பயாப்சி தேவைப்படலாம். பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் அமைப்பான நைஸ், அதிக ரத்தப்போக்குக்கான தன் 2018 வழிகாட்டுதலில், பார்க்காமல் திசு எடுக்க வேண்டாம், ஹிஸ்டெரோஸ்கோப்பியோடு சேர்த்தே எடுங்கள் என்று சொல்லியிருக்கிறது.

மிக ஆரம்பக்கட்டத்தில் கண்டறியப்பட்டால், குழந்தை வேண்டும் என்று விரும்பும் இளம்பெண்களில் தகுதியானவர்களுக்குக் கர்ப்பப்பையைத் தற்காலிகமாகக் காப்பாற்றும் வழியும் உண்டு. பாதித்த திசுவை ஹிஸ்டெரோஸ்கோப்பியில் அகற்றி, புரொஜெஸ்டின் மாத்திரை கொடுப்பார்கள். அல்லது காப்பர் டி போலவே உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனத்தைப் பொருத்துவார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை பயாப்சி எடுத்துக் கண்காணிப்பார்கள். இது எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால், காலத்தோடு வருபவர்களுக்கு மட்டுமே இந்த வாய்ப்பைப் பற்றிப் பேசவே முடியும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

* என் எண்டோமெட்ரியம் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது?
* எனக்குத் திசு பரிசோதனை தேவையா? எந்த முறையில் எடுக்கப்போகிறீர்கள்?
* பார்த்து எடுக்கும் ஹிஸ்டெரோஸ்கோப்பி இங்கே செய்யும் வசதி இருக்கிறதா?
* வலிக்கு என்ன ஏற்பாடு?
* பயாப்சி ரிப்போர்ட் எப்போது வரும்? அதை நான் யாரிடம் காட்ட வேண்டும்?
* கசிவு திரும்ப வந்தால் எத்தனை நாளில் வர வேண்டும்?

பணம் இல்லையே என்று தயங்குபவர்கள் அருகிலிருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவு ஓ.பி-யில் ஆரம்பிக்கலாம். கசிவு எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய ஸ்கேன், பயாப்சி ரிப்போர்ட் எதையும் தூக்கிப்போடாதீர்கள்.

இந்தப் புற்றுநோய் கர்ப்பப்பையைத் தாண்டாமல் இருக்கும்போதே கண்டறியப்பட்டால், 100-ல் 90-க்கும் மேற்பட்டவர்கள் 5 வருடங்களைக் கடந்து நன்றாக இருக்கிறார்கள். வெளியே பரவிவிட்டால் அந்த எண் வேகமாகச் சரிகிறது.

போனில் இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு வயது 25 அல்லது 30 ஆக இருக்கலாம். அப்படியானால் அடுத்தமுறை அம்மாவிடமோ, அத்தையிடமோ, சித்தியிடமோ பேசும்போது, 'பீரியட்ஸ் நின்னதுக்கப்புறம் எப்பவாவது ரத்தம் பட்டுச்சா?' என்று நேராகக் கேளுங்கள். 'அதெல்லாம் ஒண்ணுமில்லடி' என்றுதான் முதலில் சொல்வார்கள். இன்னொரு தடவையும் கேளுங்கள். 'ஆமா, போன மாசம் கொஞ்சம்...' என்று பதில் வந்தால், இந்த வாரமே அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.